பார்ட்லிக்குக் கிடைத்த மூன்று வருஷம்

கவுன்சில்காரர்கள் கம்ப்யூட்டர் வாங்கியதில் வந்த வினை இது. அதுவரைக்கும் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்துச் சாலையில் தார் ஊற்றுகிற ஒருத்தனிடம் உனக்கு என்ன வயது என்று யாரும் கேட்டது கிடையாது. ஃபோர்மன் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார், மண்வாரியைக் கையில் கொடுப்பார், பிடிக்கிற விதம் சரியாக இருந்தால் அன்றைக்கே வேலை. பார்ட்லி லவெல் அப்படிச் சேர்ந்தவன்தான். நாற்பது வருஷம் போன பிறகு, 1996-இல், எல்லோரும் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. பிறந்த தேதி இல்லாத மனிதனை அந்த இயந்திரம் ஏற்றுக்கொள்ளாதாம்.

பார்ட்லி டவுனுக்குப் போனான். சுகாதார நிலையத்தின் பின்பக்கத்து அறையில் வியாழக்கிழமைதோறும் பதிவாளர் உட்கார்ந்திருப்பாள். தன் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் மூன்றையும் சொன்னான். அவள் பழைய புத்தகம் ஒன்றைத் தூக்கி வந்து புரட்டினாள், ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். அதைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தான். சிரிப்பு அவனுக்கு அவ்வளவு பழக்கமான காரியம் இல்லை.

"டீலியா, நான் கிழவனாயிட்டேன்," என்றான்.

அவன் அக்கா டீலியா அடுப்பிலிருந்து சோடா ரொட்டியை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். "அது ஊருக்கே தெரியும். முதல்ல கால மிதியடில தொடச்சிட்டு வா."

"இல்ல, சட்டப்படியே கிழவன். அறுபத்தஞ்சு. அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு, பாரு. அறுபத்திரண்டுன்னு நெனச்சிக்கிட்டு மண்வாரியக் கட்டிக்கிட்டு மாரடிச்சிட்டிருக்கேன். மூணு வருஷம் எங்கயோ ஒளிஞ்சு கெடந்திருக்கு. அம்மாவுக்கு என்னிக்குக் கணக்கு வந்துச்சு?"

டீலியா கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். பார்ட்லி லவெல், ஆண், பிறந்த தேதி 1931 பிப்ரவரி பதினொன்று. அதைப் படித்தவள் தாளை மேசைமேல் வைத்தாள், ரொட்டியை மறுபடி துணியால் மூடினாள், கோழிக்குத் தீனி வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். கோழிகளுக்கு அப்போதுதான் தீனி வைத்திருந்தாள்.

அக்காவும் தம்பியும் இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் விட்டுப்போன அந்த வீட்டில்தான் இத்தனை வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். டீலியாவுக்கு எழுபத்தொன்று. இதயத்தில் வால்வு பழுது, மே மாதம் கால்வே ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை என்று தேதி குறித்திருந்தார்கள். பார்ட்லிக்கு இடுப்பில் கோளாறு. மழை வருமுன் இடுப்பு வலித்துச் சொல்லிவிடும் என்பான், அந்த ஊரில் அது தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. காலையில் பூட்ஸ் மாட்டுவதற்குள் அவன் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளைக் கேட்டால் பாதிரியார் காதைப் பொத்திக்கொள்வார். அப்படிப்பட்டவனுக்கு மூன்று வருஷம் முன்னதாகவே ஓய்வும் பென்ஷனும் என்றால் கேட்கவா வேண்டும்? அன்றிரவே காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

டீலியா வாயைத் திறக்கவில்லை. என்னவென்று திறப்பாள்? அந்த மூன்று வருஷம் யாருடையது என்று உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பார்ட்லியோடு வேலை பார்த்தவர்கள் பப்பில் ஒரு வழியனுப்பு விழா வைத்தார்கள். பன்றித் தொடைக்கறி சாண்ட்விச்சும் கறுப்பு பீரும் ஆளுக்கு வேண்டியமட்டும். ஃபோர்மன் பாட்ஜோ எழுந்து நின்று ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார்.

"நாப்பது வருஷத்துல இந்த மனுஷன் ஒரு நாள்கூட நேரத்துக்கு வந்தது கெடையாது," என்றார் பாட்ஜோ. "அதனால எல்லாருமாச் சேர்ந்து கடிகாரம் வாங்கிட்டோம். இனிமே நேரத்துக்கு வந்து என்ன, வராட்டி என்ன. சரி டீலியா, நீங்கதான் இவன தூக்கி வளத்தவங்க. சின்னப் பிள்ளைல எப்படி இருந்தான், ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். டீலியா எழுந்து நின்றாள். "நல்ல பிள்ளை," என்றாள். உட்கார்ந்துவிட்டாள். பாவம், தம்பிமேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று பக்கத்து மேசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பார்ட்லி அடுப்படிச் சுவரில் கடிகாரம் மாட்ட இடம் பார்த்து, ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றான்.

"ஆணி அடிக்காத, பார்ட்லி. உக்காரு."

"ஏன், சுவரு விழுந்துருமா?"

"அந்தத் தாள்ல இருக்கறது நீ இல்ல."

அவன் ஆணியை வாயிலிருந்து எடுத்தான். "என் பேரு, அப்பா பேரு, அம்மா பேரு. பின்ன யாரு, போப்பாண்டவரா?"

"உனக்கு முன்னால ஒரு பார்ட்லி இருந்தான்," என்றாள் டீலியா.

சொல்ல ஆரம்பித்தபின் அவளால் நிறுத்த முடியவில்லை. முதல் பார்ட்லி பிறந்தபோது அவளுக்கு ஆறு வயது. அப்பா டவுனுக்கு நடந்து போய்ப் பதிவு செய்துவிட்டு, திரும்பும்போது அவளுக்கு ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய் வாங்கி வந்தார். குழந்தை நன்றாக வளர்ந்தது. நிற்கத் தொடங்கியது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடி வைத்தது, டீலியா என்று சொல்ல வராமல் "டீ" என்று கூப்பிட்டது. மறு வருஷம் ஏப்ரலில் கக்குவான் இருமல் வந்தது. மேற்கே கடலோரத்து வீடுகள் எல்லாவற்றிலும் அது புகுந்து வந்தது. ஒரு விடிகாலையில் தொட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா, அப்பா, அவள் மூன்று பேரும் நின்றுகொண்டிருக்கும்போதே இருமல் நின்றது. தாத்தா குழியிலேயே அவனை வைத்தார்கள். பெயர் வெட்டிய கல் கிடையாது. கல்லுக்கு யாரிடம் வசதி இருந்தது?

இறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்று அப்பா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினார். சாயங்காலம் வந்தார். "ஆபீஸ் பூட்டியிருந்துச்சு," என்றார். அதன்பிறகு அவர் போகவேயில்லை. ஆட்டுச் சந்தைக்குப் போக நேரம் இருந்தது, அடுப்புக்குச் சதுப்பு நிலத்துக் கரிமண் வெட்டப் போக நேரம் இருந்தது, அதற்கு மட்டும் இல்லை. அந்த வீட்டில் அந்தக் குழந்தையின் பேச்சே அதன்பிறகு எழவில்லை. தொட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். அப்பாவை டீலியா மற்ற எல்லாவற்றுக்கும் மன்னித்துவிட்டாள், இதற்கு மட்டும் மன்னிக்கவில்லை.

1934 மார்ச்சில் அடுத்த பையன் பிறந்தான். தாத்தா பெயர் குடும்பத்தைவிட்டுப் போகக்கூடாது, போன பிள்ளையின் பெயர் வருகிற பிள்ளைக்கு என்பது அந்தப் பக்கத்து வழக்கம், யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. மாதா கோவிலில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி பார்ட்லி என்றே பெயர் வைத்தார்கள். பதிவு செய்ய வேண்டாமா என்று அம்மா கேட்டதும், அப்பா சொன்ன பதிலும் ஒன்பது வயது டீலியாவின் காதில் விழுந்தது. "பார்ட்லி லவெல்னு ஒருத்தன அங்க எழுதியாச்சே. அதே அப்பன், அதே ஆத்தா. மறுபடி எதுக்கு?"

"ஆக, நீ எழுதப்படவே இல்ல," என்று முடித்தாள் டீலியா. "அவன் செத்ததும் எழுதப்படல. புத்தகத்துல அவன் இன்னும் உயிரோட இருக்கான். அறுபத்தஞ்சு வயசாயி பென்ஷன் வாங்கப் போறான்."

பார்ட்லி கடிகாரத்தை மேசைமேல் மல்லாத்தி வைத்தான்.

"அறுபது வருஷமா வாயக் கட்டிட்டு இருந்தியே," என்றான். "இன்னும் ஒரு மாசம் கட்டியிருந்தா குடியா முழுகியிருக்கும்?"

"மே மாசம் என் நெஞ்சக் கிழிக்கப் போறாங்க. நான் கண்ண முழிக்காம போயிட்டா, அவன் இருந்தான்னு சொல்ல யாரு இருக்கா? அவனுக்குன்னு உள்ளது அந்த ஒரு தாள்தான் பார்ட்லி. அதையும் நீ எடுத்துக்கிட்டா அவனுக்கு ஒண்ணுமே இல்ல."

"அப்ப எனக்கு என்ன இருக்கு?" என்று அவன் குரலை உயர்த்தினான். "பேரு அவனோடது. பொறந்த தேதியும் அவனோடதாம். அம்மா வாசல்ல நின்னு பார்ட்லி, பார்ட்லின்னு கூப்பிடுவாளே, அது யாரையாம்? நான் என்ன, ஓட்டையான டயருக்கு மாத்தா மாட்டின டயரா?"

அந்தக் கேள்விதான் டீலியாவுக்கு வலித்தது. அம்மா யாரைக் கூப்பிட்டாள் என்று அவளே சில சமயம் யோசித்ததுண்டு.

அதோடு பேச்சு முறிந்தது. அந்த ஊரில் ஒரே வீட்டில் இருப்பவர்கள் பேசாமல் இருக்க ஒரு முறை உண்டு, நாய் வளர்ப்பதே பாதி அதற்காகத்தான். "பிரான், டீ ஆறிப்போச்சுன்னு அந்த அம்மாகிட்டச் சொல்லு," என்பான் பார்ட்லி. "கெட்டில் எங்க இருக்குன்னு அந்த ஐயாவுக்குத் தெரியுமான்னு கேளு, பிரான்," என்பாள் டீலியா. நாய் நடுவில் படுத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் வாலை ஆட்டும். கடிகாரம் மேசையிலேயே மல்லாந்து கிடந்து ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை டீலியா பஸ் பிடித்து, தம்பியிடம் சொல்லாமல் பதிவாளரைப் பார்க்கப் போனாள். பதிவாளர் கன்செப்டா மன்னெல்லி அந்தப் பக்கத்துக்காரிதான். யார் வீட்டுப் பிள்ளை எத்தனை மாதத்தில் பிறந்தது என்று தெரிந்தும் காதும் காதும் வைத்தாற்போல் இருக்கத் தெரிந்தவள். டீலியா சொல்லத் தொடங்கி இரண்டு வாக்கியம் போனதுமே கையைக் காட்டித் தடுத்தாள்.

"கொஞ்சம் இருங்க டீலியா. நீங்க சொல்றத நான் இன்னும் கேக்கல. கேட்டுட்டா அப்புறம் கேக்காத மாதிரி இருக்க எனக்கு உரிமை கெடையாது. டீ வைக்கப் போறேன். தண்ணி கொதிக்கட்டும், அதுவரைக்கும் யோசிங்க. சர்க்கரை எத்தன?"

"ரெண்டு. டாக்டர் வேணாம்னாரு. ரெண்டு போடு."

டீ வந்தது. கன்செப்டா கதவைச் சாத்திவிட்டு, யாரோ மூன்றாவது வீட்டுக் கதை பேசுகிறவள்போல் பேசினாள். "ஒரு வீட்ல இப்படி நடந்திருக்குன்னு வைங்க. பழைய சாவு ஒண்ண இப்ப எழுதணும்னா, அன்னிக்கு அங்க கூட இருந்த ஆள் ஒருத்தர் வந்து சொல்லணும். அந்த ஆளும் போயிட்டா வழியே இல்ல. எழுதினா என்ன ஆகும்? அந்தச் சான்றிதழ வச்சிருக்கவரு கையில வெறுந்தாள்தான் மிஞ்சும். அவரு பொறந்ததப் புதுசாப் பதியணும். கோவில்லேர்ந்து ஞானஸ்நானப் பதிவு, பள்ளிக்கூட வருகைப் பதிவு, மேலிடத்து அனுமதி, எல்லாம் வேணும். முடிவுல அவருக்கு வயசு அறுபத்திரண்டு. பென்ஷன் கெடையாது, மறுபடி வேலைக்குப் போகணும்."

"இடுப்பு வலியோட," என்றாள் டீலியா.

"இடுப்பப் பத்தி எங்க புத்தகத்துல கட்டம் இல்ல."

"எழுதாம விட்டா?"

"அவரு அந்தத் தாள வச்சு பென்ஷனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டாருன்னா, அப்புறம் அத மாத்தணும்னு யாராவது வந்தா அவரு ஏன் பொய் சொன்னாருன்னு கேள்வி வரும். அதனால இப்ப, இல்லன்னா என்னிக்கும் இல்ல." கன்செப்டா கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணும் கேக்கல, டீலியா. அடுத்த வியாழக்கிழமையும் இங்கதான் இருப்பேன்."

திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியாகச் சாலை வேலை நடப்பது தெரிந்தது. மழையில் மஞ்சள் கோட்டுப் போட்ட மூன்று பேர் பள்ளத்துக்குத் தார் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இளையவனுக்கே முதுகு நிமிரவில்லை. இன்னும் மூன்று குளிர்காலம் தன் தம்பியை அங்கே நிறுத்துவதா? செத்துப்போன தம்பிக்கு நியாயம் செய்கிறேன் பேர்வழி என்று இருக்கிற தம்பியைச் சாகடிப்பதா? தூ, என்ன பிறவி நான் என்று டீலியா தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நாயைப் பார்த்துச் சொன்னாள். "பிரான், அந்த ஐயாகிட்டச் சொல்லு. நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கல. எழுதவும் மாட்டேன். அவரு பென்ஷன அவரு வாங்கிக்கட்டும். நிம்மதியா இருக்கட்டும்."

பார்ட்லி செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி இருந்தான். டீலியா பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தாள். சீவச் சீவக் கண்ணீர் வந்தது. வெங்காயமாக இருந்தாலாவது ஒரு சாக்கு இருந்திருக்கும். அந்தக் குழந்தைக்காக ஒரு காரியம் செய்யவேண்டும் என்று இவ்வளவு காலம் மனசுக்குள் வைத்திருந்து, கடைசியில் அதையும் செய்யாமல் போகப் போகிறாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடி வைத்த அந்த ஆள், டீ என்று கூப்பிட்ட அந்த வாய், அவளோடு சேர்ந்து ஆபரேஷன் மேசையில் படுக்கும். அவள் எழுந்தால் உண்டு. எழாவிட்டால் அவன் எங்கேயும் இல்லை.

செய்தித்தாள் ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதன் பின்னாலிருந்து குரல் வந்தது. "பிரான், அவன எந்தப் பக்கம் வச்சாங்கன்னு கேளு."

டீலியா கத்தியை நிறுத்தினாள். "தாத்தா காலடில. சுவரு ஓரம்."

மறுநாள் காலையில் பார்ட்லியைக் காணோம். மத்தியானம் கல்லறைத் தோட்டத்திலிருந்து தொப்பலாக நனைந்து வந்தான். அந்தக் கல்லறைத் தோட்டத்துப் புல்லை வெட்டுவது கவுன்சில் வேலைதான், வருஷத்துக்கு நாலு தடவை வெட்டியது அவனேதான். இறந்தவர்களை நினைக்கிற நவம்பர் மாதத்தில் எல்லோரையும்போல அவனும் தாத்தா குழிமுன் மண்டிபோட்டு ஜெபம் செய்திருக்கிறான். சுவர் ஓரத்தில் அறுப்பு இயந்திரம் போகாது என்று கையால் பிடுங்குவான், முணுமுணுத்துக்கொண்டே பிடுங்குவான். அங்கே போய் இத்தனை நேரம் என்ன செய்தான் என்று டீலியா கேட்கவில்லை. அவன் சாக்ஸைக் கழற்றி அடுப்புக்கம்பியில் போட்டாள், சூடாக சூப் ஊற்றி வைத்தாள். அவன் சூப்பைக் குடித்துவிட்டு நேரே அவளைப் பார்த்து, நாயைக் கூப்பிடாமல், "நல்லா இருக்கு," என்றான்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் அவன் சூட் போட்டுக்கொண்டு கையில் தொப்பியோடு நின்றான். கார் முற்றத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

"எங்க போற?" என்றாள் டீலியா.

"போறோம். கோட்ட எடு."

கார் பாலம் தாண்டியதும் பார்ட்லி ஆரம்பித்தான். "நேத்து பாட்ஜோவப் பாத்தேன். விஷயத்தச் சொன்னேன். சிரிச்சான் பாரு, ரோடு ரோலர் மேலயே உக்காந்துட்டான். பார்ட்லி, இந்த ஆபீஸ் வரலாற்றுலயே ஒரு ராத்திரில மூணு வயசு கொறஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான், எந்த சோப்பு போடறேன்னு கேக்கறான். கடிகாரத்தத் திருப்பிக் கொண்டாந்தேன்னேன். வச்சிக்கோ, மூணு வருஷம் கழிச்சு இன்னொண்ணு தரோம்னு சொல்லிட்டான்."

"பார்ட்லி, வேணாம். வண்டியத் திருப்பு," என்றாள் டீலியா. "உன் இடுப்ப வச்சிக்கிட்டு எப்படி மூணு வருஷம்?"

"வண்டிங்கள நிறுத்தி அனுப்பற பலகை பிடிக்கிற வேலை தரானாம். ஒரு பக்கம் நில், ஒரு பக்கம் போ. நிக்கவா எனக்குத் தெரியாது?"

"ஜனவரி மாசக் காத்துல நின்னு பாரு, தெரியும். நான் வேணாம்னு சொல்லிட்டேன். மனசாரத்தான் சொன்னேன்."

"நீ சொன்னே, சரி. எனக்கு ஒத்துக்கல." அவன் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. "அந்தப் பென்ஷன் பாரத்த நாலு தடவ கையில எடுத்தேன் டீலியா. பதினாலு மாசப் பிள்ளையோட பால்புட்டியப் பிடுங்கிக் குடிக்கிற மாதிரி இருக்கு. என்னால முடியல, அவ்ளோதான். இனி அதப் பத்திப் பேசாத, வண்டிக் கண்ணாடில ஆவி படியுது."

கண்ணாடியில் ஆவி எதுவும் படியவில்லை. டீலியா கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து, முதலில் தன் கண்ணைத் துடைத்துவிட்டு, பிறகு கண்ணாடியையும் ஒரு பேருக்குத் துடைத்தாள்.

பதிவாளர் அறையில் அன்றைக்கு வேறு யாரும் இல்லை. கன்செப்டா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தத் தடவை டீ வைக்கப் போகவில்லை. இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள், கண்ணாடியை மாட்டினாள், இறப்புப் பதிவுப் புத்தகத்தைத் திறந்தாள்.

"சாவ முதல்ல எழுதணும்," என்றாள் மெதுவாக. "அது முடிஞ்சாத்தான் பொறப்புக்கு வர முடியும். ரெண்டுக்குமே தகவல் சொல்ல உரிமையுள்ள ஆள் நீங்க ஒருத்தர்தான் டீலியா. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும். எங்க எறந்தாங்க?"

"வீட்ல. அடுப்படில, தொட்டில்ல."

"தேதி?"

"1932 ஏப்ரல் பத்தொம்பது. விடியக்காலை." அதில் அவளுக்குத் தடுமாற்றமே இல்லை. அறுபத்து நாலு ஏப்ரலாக ஒருவரிடமும் சொல்லாமல் அந்தத் தேதியைக் கடந்து வந்திருக்கிறாள்.

"காரணம்?"

"கக்குவான் இருமல்."

கன்செப்டாவின் பேனா அடுத்த கட்டத்துக்குப் போனது. "எறந்தவரு பேரு?"

டீலியா வாயைத் திறந்தாள். பக்கத்தில் பார்ட்லி தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படி ஏறி வந்ததில் அவனுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, சவரம் செய்யும்போது தாடையில் வெட்டிய இடத்தில் சின்னதாக ரத்தம் உறைந்திருந்தது. இவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ட்லி லவெல் செத்துப்போனான் என்று எப்படிச் சொல்வது? யாருக்காக இவ்வளவு தூரம் சண்டை போட்டாளோ அந்தப் பெயர் தொண்டைக்கு வந்து அங்கேயே நின்றது. மறுபடி முயன்றாள். காற்றுதான் வந்தது.

அப்பாவும் இதே டவுனுக்கு வந்தார். ஆபீஸ் பூட்டியிருக்கவில்லை. அவரும் இப்படி ஒரு மேசைக்கு முன்னால் வந்து நின்றார், பெயர் என்ன என்று கேட்டார்கள், அவரால் சொல்ல முடியவில்லை. சோம்பேறி, ஈரமில்லாத மனுஷன் என்று வாழ்நாள் பூராவும் வைத்திருந்த கோபம் டீலியாவின் நெஞ்சுக்குள் நின்ற இடத்திலேயே சரிந்து போயிற்று. ஐயோ அப்பா, என்று நினைத்தாள். அதையும் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை.

கன்செப்டா அவசரப்படுத்தவில்லை. பேனாவைத் தாளிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பார்ட்லி தொப்பியை முழங்காலிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்.

"பார்ட்லி லவெல்," என்றான். "எழுதிக்குங்க கன்செப்டா. பார்ட்லி லவெல். எங்க அண்ணன்."

கன்செப்டா எழுதினாள். எழுதி முடித்து, தலையைத் தூக்காமலே கேட்டாள். "வயசு?"

"பதினாலு மாசம்," என்றாள் டீலியா.